ரெண்டு நூல்

மாசிலாமணி பீரோவுக்கடியில் டார்ச் அடித்தபடி குப்புறப் படுத்திருந்தார். கூடத்தில் மகனை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருக்கிறார்கள். பெற்றவர் இங்கே தரையில் தவழ்கிறார். எட்டிப் பார்த்தவர்கள் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதுகொண்டே போனார்கள். அதுவும் நல்லதுதான். தேடுவது பாம்பை என்று தெரிந்தால் துக்க வீட்டில் ஒருத்தர் மிஞ்சமாட்டார்.

மகன் பூவரசன் நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பினான். கிளியனூரைத் தாண்டவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினான். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. முப்பத்தோரு வயது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. ஊர் தாளையா படிக்கும்? பாம்பு வளர்த்தான், பாம்பு கடித்தது, செத்தான். அவ்வளவுதான் பேச்சு.

அவன் வளர்த்தது நாலு கார்ன் ஸ்நேக். வெளிநாட்டுச் சாதி, விஷமில்லாதது, முறையாகப் பதிவு செய்தது. நாலாவது குட்டி, பென்சில் பருமன். அதைத்தான் காணோம். வந்த கூட்டத்தில் எவன் கண்ணிலாவது அது பட்டால் அதுவும் போச்சு, மகன் பேரும் போச்சு.

போன மாதம்தான் அப்பனும் மகனுமாக அவற்றுக்கு ராக் கட்டினார்கள். தட்டுத் தட்டாகப் பிளைவுட், தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப். டப்புக்கு மூடி கிடையாது. மேல் தட்டுதான் மூடி.

"நடுவுல கேப்பே இருக்கக் கூடாதுப்பா. காத்துக்குப் பக்கத்துல ஓட்ட போட்டுக்கலாம்" என்றான் பூவரசன்.

"ஐப்பசி மழையில பலக ஊதிக்கும்டா. டிராயருன்னா ரெண்டு நூல் வுடணும், கால் இஞ்சு."

நாற்பது வருஷம் தச்சுவேலை பார்த்த கை, சொன்னால் கேட்குமா? முந்தாநாள் மகன் வெளியே போனதும் குட்டி இருந்த அடித்தட்டை மட்டும் கழற்றி, ரெண்டு நூல் இறக்கிப் பூட்டிவிட்டார். சாயங்காலம் அவன் டப்பை இழுத்துப் பார்த்து, "வெண்ண மாதிரி வருதேப்பா!" என்று சிரித்தான். தட்டை இறக்கியதை இவர் மறைத்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. குட்டி நழுவியது அந்த ரெண்டு நூல் இடுக்கில்தான்.

அக்காள் தையல்நாயகி ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றாள். "டேய் தம்பி, பால வச்சி ஒரு கும்பிடு போட்டுட்டு, ஜல்தி அதுங்கள எங்கனா ஓட்டிவுடுடா. புள்ளய வாங்கிக்கினு போயிடுச்சிங்களே!"

"பாம்பு பால் குடிக்காது பெரியம்மா" என்றாள் மருமகள் கவிதா. அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

தையல்நாயகியின் மகன் விருத்தாசலம் கையில் தடியோடு வாசலில் நின்றான். "டப்புக்குள்ள இருக்கிற வரைக்கும் சரி மாமா. வெளிய ஒன்னு தல காட்டுச்சி, அடிச்சிப் போட்டுடுவேன்."

அவர்கள் நகர்ந்ததும் கவிதா பக்கத்தில் குனிந்தாள். "குட்டியக் காணோமா மாமா?"

அவர் தலையாட்டினார். "என்னாலதாம்மா" என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சூடு எங்க இருக்கோ அங்க போவும்னு சொல்வாரு."

இழவு வீட்டில் அடுப்பு ஏது? வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது. மாசிலாமணி யோசித்தார். பிறகு மெல்ல எழுந்து கூடத்துக்கு வந்து, ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பெட்டியின் மோட்டார் அங்கேதான் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர்ப் பானையின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அனல் அடித்தது.

துண்டைக் கையின்மேல் போட்டுக்கொண்டு இடது கையைப் பெட்டிக்கடியில் விட்டார். மகன் எவ்வளவோ கெஞ்சியும் அருவருப்பில் ஒருநாள்கூடப் பாம்பைத் தொட்டதில்லை. விரலில் ஏதோ நெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். கடித்தது, முள் குத்தியது போலத்தான் இருந்தது. விடவில்லை.

அவர் எழுந்திருப்பதற்குள் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்கள். மழை வலுப்பதற்குள் வாய்க்கரிசி போட்டாக வேண்டுமாம். "பெத்தவரு மொதல்ல வாங்க" என்று யாரோ அரிசித் தட்டை நீட்டினார்கள்.

வலது கையில் அரிசியை அள்ளினார். இடது கை துண்டுக்குள் மூடியபடி மார்போடு இருந்தது. உள்ளே அது அடங்கி, விரல்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. மகனின் முகத்தருகே குனிந்தபோது அவர் உடம்பெல்லாம் உதறியது.

விருத்தாசலம் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தான். "மாமா, வுழுந்துடப் போறீங்க. அந்தக் கையக் குடுங்க, நான் புடிச்சிக்கிறேன்."

மாசிலாமணி கையை இன்னும் இறுக்கமாக மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"வேணாம்டா" என்றார். "இத நானே பாத்துக்கிறேன்."

அரிசி மகனின் உதட்டில் விழுந்தது.