உண்ணிக்குப் போன ஊர்ப்பெயர்

நைல் டெல்டாவில் கஃபர் ஸர்ஸூர் என்ற ஊர் ஒரு வியாழக்கிழமை மதியம் தன் பெயரை இழந்தது. ரயில் நிலையப் பலகையில் எழுத்தெல்லாம் உதிர்ந்து வெறும் நீலம் நின்றது. ஊர்க்காரர்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. அதே மதியம் கெய்ரோவில், அவ்வூர்ப் புறாக்காரர் பஸ்யூனியின் மகள் கண்டுபிடித்த வைரஸுக்கு ஸர்ஸூர் வைரஸ் என்று பெயர் பதிவாகியிருந்தது.

பூச்சியிலோ உண்ணியிலோ உருளைப்புழுவிலோ புது வைரஸ் அகப்பட்டால், அகப்பட்ட இடத்தின் பெயரை வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அவள் உண்ணி பொறுக்கியது வாப்பாவின் மண் புறாக்கோபுரத்தில். பிறந்த ஊருக்குப் பெருமை என்று பூரித்துப்போய் வைத்தாள். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார்தான் கேட்கிறார்கள்? அந்த வைரஸால் ஒரு புறாகூடத் தும்மியதில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர் வாயில் அந்தப் பெயர் வைரஸ் என்ற வாலோடுதான் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிப் போனார்கள். தன்தா சந்தையில் அவ்வூர்ப் புறாவை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. பெருநாளைக்கு இனிப்போடு வந்த மகளை பஸ்யூனி வாசலிலேயே நிறுத்தினார்.

"திருடறதுக்கு உனக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா? நாளைக்கு எந்த ஊர்க்காரன்னு சொல்லி என்னைப் புதைப்பாங்க?"

"மரியாதைக்குத்தான் வாப்பா வச்சேன்."

"மரியாதையாம் மரியாதை! ஊர்ப் பேரைக் கொண்டா. அதுவரைக்கும் உன் பேரு என் வாயில வராது."

சொன்ன சொல்லை மனிதர் காப்பாற்றினார். அன்றிலிருந்து அவள் 'ஏய்', 'இந்தா'. அம்மா இறந்து மையத்து எடுத்த அன்றுகூட 'இந்தா, தண்ணி எடு' என்றுதான் சொன்னார்.

வைரஸ்களை வகைபிரித்துப் பெயரிடும் குழுவுக்குள் அவள் எப்படியோ நுழைந்தாள். கொசு வைரஸுக்கும் புழு வைரஸுக்கும் என்ன உறவு, உண்ணி வைரஸ் எந்தக் குடும்பத்தில் சேர்த்தி என்று பங்காளிச் சண்டை தீர்ப்பதிலேயே தலை நரைத்தது. கூட்டத்துக்குக் கூட்டம் ஊர்ப்பெயர்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். "டாக்டரம்மா பல்லவியை ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று சிரித்தார்கள். கடைசியில், அவள் ஓய்வு பெறும் வாரத்தில், இனி ஊர்ப்பெயர் கூடாது, வைத்ததையும் எடுத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. மாலையைக்கூட வாங்காமல் ரயிலேறினாள்.

பலகையில் எழுத்து முளைத்திருந்தது, ஈரம் காயாமல். தெருவில் பிள்ளைகள் ஊர்ப்பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பஸ்யூனி காலையிலேயே குளித்து, வெள்ளைக் கலபிய்யா அங்கி உடுத்தி, வாசலில் நின்றிருந்தார். மகளைக் கண்டதும் கையை விரித்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னடி இது? வர மாட்டேங்குதே!"

அவள் கைப்பேசியை எடுத்தாள். குழுத் தலைவர் வாழ்த்து அனுப்பியிருந்தார்: ஊர்ப்பெயர் போய்க் காலியான இடத்தில் அந்த வைரஸுக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்களாம், கைதட்டலோடு, அவளுடைய உழைப்புக்கு மரியாதையாக. அவளை யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டையில் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

கிழவர் மறுபடி மறுபடி வாயைத் திறந்து பார்த்துவிட்டு அழுதார். "விடுங்க வாப்பா, அடுப்புல புறா கருகுது" என்று அவள் உள்ளே போனாள்.

இதை எழுதும்போதும் அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் பேனாவில் மை இறங்கவில்லை. ஊரில் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.