மூன்றங்குலச் செருப்பு

ஷான்சி மலையடிவாரத்தில் சோளத்தைப் புளிக்கவைத்துக் காடி என்னும் வினிகரை இறக்கும் வென்ஷுவானுக்கு ஊரில் இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'காடிக்காரர்'. முதுகுக்குப் பின்னால் 'பெண்டாட்டிக்குப் பயந்தவர்'. இரண்டாவது பெயர்தான் தனக்குப் பொருத்தம் என்று அவரே சொல்லிக்கொள்வார். காடி சில வருஷம் கெட்டுப்போகும். பயம் ஒரு வருஷமும் கெட்டதில்லை.

இன்று பயம் இரட்டிப்பு. மகள் சுவோலானுக்கு வரன் பேசியிருக்கும் பெங் வீட்டு அம்மாள் நேரில் வருகிறாள்.

வழக்கமாக யாரும் வரமாட்டார்கள். பெண்ணின் முகத்தை யார் கேட்டார்கள்? தரகுக்காரி வந்து அவள் செருப்பு ஒன்றை வாங்கிப்போய் மாப்பிள்ளை வீட்டில் காட்டுவாள். செருப்பு சின்னதாக இருந்தால் பெண் நல்ல பெண், அவ்வளவுதான். அவர் மனைவி ருன்னியாங் ஒரு மாதம் உட்கார்ந்து சிவப்புப் பட்டில் தாமரையும் மீனும் வைத்து ஒரு செருப்பு தைத்துக் கொடுத்திருந்தாள். நீளம் மூன்றங்குலம். மகளின் கால் அதைப்போல இரண்டு பங்கு.

"இதுல அவ கட்டைவிரல்தான் நுழையும்" என்று அன்றைக்கே வென்ஷுவான் முனகினார்.

"பல்லக்கை விட்டு இறங்கறப்போ தெரியட்டும். இறக்கின பொண்ணைத் திருப்பி ஏத்தி அனுப்புவாங்களா?" என்றாள் ருன்னியாங்.

கால் அப்படி வளர்ந்ததற்குக் காரணம் வென்ஷுவான். அது அவர் பெண்டாட்டியிடம் மறைத்த ரகசியம். சுவோலானுக்கு ஆறு வயதானபோது ருன்னியாங் அவள் விரல்களைப் பாதத்துக்கடியில் மடக்கி, கால் வளராமல் இருக்கப் பத்தடித் துணியால் இறுக்கிச் சுற்றி, குழந்தை அவிழ்த்துவிடாமல் ஓரத்தைத் தைத்துவிட்டாள். அது தாய்மார்களின் வேலை. அப்பன்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. விடியலில் காடித் தொட்டிக்குப் போகக் கிளம்பினால், குழந்தை விழித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழுதிருந்தாலாவது தாங்கியிருப்பார். தையலைப் பிரித்து, இரண்டு சுற்றுத் தளர்த்தி, மறுபடி தைத்துவிட்டுப் போவார். நாலு நாளைக்கு ஒரு தரம், பல வருஷம். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் அது. அதையும் பெண்டாட்டி தூங்கும்போதுதான் செய்தார்.

ருன்னியாங் மகளை அடியில் நெருப்பு ஓடும் மண்மேடையில் உட்காரவைத்து, மடியில் பஞ்சுப் போர்வையைப் போர்த்தினாள். "அசைஞ்சே, கொன்னுடுவேன்."

"ஒண்ணுக்கு வந்தா என்னம்மா பண்றது?"

"அடக்கிக்கோ."

கழுதை வண்டி வந்து நின்றது. தரகுக்காரி லியூ அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பெங் அம்மாள் இறங்கினாள். காலில் ஆண்பிள்ளை அளவில் மூடிய துணிச் செருப்பு. உள்ளே வந்ததும் அதைக் கழற்றி உதறினாள். பொதி பொதியாகப் பஞ்சு விழுந்தது. உள்ளேயிருந்து சின்னஞ்சிறு கால்கள் வெளிவந்தன.

"காலைக் கட்டக்கூடாதுன்னு புதுச் சட்டமாம். வழியெல்லாம் கட்டின காலைப் பாத்து அபராதம் போடற ஆபீசருங்க நிக்கிறாங்க சம்பந்தி. இந்த வயசுல அவிழ்த்தா நிக்கவே முடியாது. அதான் பஞ்சு."

சம்பந்தி என்ற சொல்லில் ருன்னியாங்குக்குப் பாதி உயிர் திரும்பியது. பெங் அம்மாள் தேநீரைக் குடித்துவிட்டு, அங்கிக் கைக்குள்ளிருந்து அந்தச் சிவப்புச் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"வேலைப்பாடு பிரமாதம். நானும் தைக்கிறவதான், எனக்கு இப்படி வராது. அதனாலதான் ஆள் விட்டுச் சொல்ல மனசு வரல, நானே வந்தேன்." தொண்டையைச் செருமினாள். "என்னன்னா..."

வாசலில் கழுதை கத்தியது. கட்டு அவிழ்ந்து, வண்டியோடு சரிவில் இறங்கி ஓடத் தொடங்கியது.

"ஐயோ, பிடிங்க!" லியூ அக்கா மூன்றடி வைத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பெங் அம்மாள் எழுந்து அப்படியே உட்கார்ந்தாள். ருன்னியாங் சுவரைப் பிடித்தபடி முற்றம்வரை போனாள். வென்ஷுவான் ஓடத்தான் நினைத்தார்; முழங்கால் யோசித்துக்கொண்டிருந்தது.

போர்வை பறந்தது. சுவோலான் மேடையிலிருந்து குதித்து, அப்பாவின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, சோளத்தட்டைகளுக்கு நடுவே குறுக்கு வழியாகப் பாய்ந்தாள். சற்று நேரத்தில் மூச்சிரைக்கக் கழுதையின் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். "திமிரு பிடிச்ச நாய்!" என்று அதைத் திட்டியவள், எல்லோரும் தன் காலையே பார்ப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெங் அம்மாள் மேஜையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"அப்ப இது யார் செருப்பு?"

ருன்னியாங்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வென்ஷுவான் தன் வாய் தானாகத் திறப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

"தப்பு என்னுதும்மா. இவ ஒழுங்காத்தான் கட்டினா. நான்தான் திருட்டுத்தனமா தளர்த்தி விட்டேன். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

அது இரண்டாவது வீரச்செயல். இம்முறை பெண்டாட்டி விழித்திருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் பெங் அம்மாள். "செருப்பு ரொம்பச் சின்னது."

யாருக்கும் புரியவில்லை.

"போன வருஷம் ஆத்துல வெள்ளம். பெரியவன் அவன் பெண்டாட்டியை முதுகுல தூக்கிட்டு ஓடினான். சின்னவன் தானியத்தைத் தூக்கிட்டு ஓடினான். என்னைத் தூக்க முதுகு மிச்சமில்ல. பரண்மேல ரெண்டு நாள் கோழிகளோட உக்காந்திருந்தேன். வீட்டுல ஓடற கால் ஒரு ஜோடியாவது வேணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப எதுக்கு செருப்பு கேட்டீங்க?" லியூ அக்காவுக்கு ஆற்றாமை.

"கேக்கலைன்னா என் பையனுக்கு ஏதோ குறைன்னு நீயே ஊரெல்லாம் சொல்லியிருப்ப."

கிளம்பும்போது பெங் அம்மாள் செருப்பைத் திருப்பித் தராமல் அங்கிக் கைக்குள் போட்டுக்கொண்டாள். "இது இருக்கட்டும். இவளுக்குப் பொறக்கிற குழந்தைக்குச் சரியா இருக்கும். ஜோடியை மட்டும் தைச்சு வைங்க சம்பந்தி."

வண்டி போனது. வென்ஷுவான் திட்டு வாங்கத் தயாராகக் காடித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ருன்னியாங் பட்டுத்துண்டும் ஊசியுமாக வந்து உட்கார்ந்தாள்.

"பெரிய ரகசியம்தான். உங்க தையல் எனக்குத் தெரியாதாக்கும்? காடி ஜாடி வாயைக் கட்டற முடிச்சு. முதல் நாளே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

அவள் தன் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கட்டினப்போ எங்கப்பா காலையிலயே வயலுக்குப் போயிட்டார்" என்றாள். பிறகு ஊசியை நீட்டினாள். "நூலைக் கோத்துக் குடுங்க. மெல்லிசு நூலா எடுங்க. இது ஜாடி இல்ல."