பொருநை கொள்ளாத சட்டை

பொதிகை முகடுகளில் இரவெல்லாம் தங்கியிருந்த முகில்கள் தம் சுமையை இறக்கிவிட்டு மெல்ல விலக, கீழ்த்திசையில் எழுந்த இளங்கதிர் பட்டு மின்னிய பொருநையாறு, பாறைக்குப் பாறை தாவிச் சிரித்துக்கொண்டு பாவநாசத்துப் படித்துறையை வந்தடையும் காலைப்பொழுது அது. முழுகி எழுவோரும், ஈரத்தலையோடு கோயிலை நோக்கிக் கைகூப்புவோரும், எள்ளும் நீரும் இறைப்போருமாய்ப் படிகள் நிறைந்திருந்தன. ஆற்றில் துணிகளை விடாதீர் என்று எழுதி நட்டிருந்த பலகையின்மேல் ஒரு சிவப்புத் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. நீருக்கடியிலோ, முந்தைய மாதங்களில் விடப்பட்ட ஆடைகள் கல்லையும், முழுகுவோர் பிடித்துக்கொள்ளக் கட்டிய சங்கிலியையும் சுற்றிக்கொண்டு, போக வழியறியாத பாம்புகளைப்போல் நெளிந்து கிடந்தன.

அந்தப் படியிலேதான், என் செல்வங்களே, உலகம்மாள் நின்றிருந்தாள். விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக அறுந்த நூலை முடிந்து முடிந்து விரல்நுனி காய்த்துப்போனவள். அவள் கணவன் பெருமாள்ராஜ் மாரடைப்பால் மாண்டு அன்று பதினாறாம் நாள். மாண்டவரின் ஆடைகளை ஆற்றில் வீசி, திரும்பிப் பாராமல் கரையேறிவிட்டால், அவர் தீவினையும் அவற்றோடு போய்விடும் என்பது அவன் உறவினரின் வழக்கம். மூன்று வேட்டிகளையும் ஒரு சட்டையையும் மூட்டையாகக் கட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார், கணவனின் தமையன் சங்கரபாண்டி. வேட்டிகள் போகட்டும், நீலக்கட்டம் போட்ட அந்த ஒரு சட்டையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்று முந்தின நாள் முழுதும் அவள் இரந்து பார்த்தாள். உடுத்துகிறவர் உடம்பில் போனவன் வந்து ஒட்டிக்கொள்வான் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

ஒரு சட்டைக்கா இத்தனை என்று நீங்கள் கேட்பீர்கள். பதினான்கு ஆண்டுகள் அவள் பிள்ளையைப்போல் பேணிய சட்டை அது. அதே ஆலையில் வேலை முடிந்து வந்து அவன் கழற்றிய கையோடு பஞ்சுத்துகளை உதறி, உட்புறம் வெளியாக்கி, கல்லில் அடிக்காமல் கையால் கசக்கி, வெயில் நிறத்தைத் தின்னாதபடி வேப்பமர நிழலில் உலர்த்துவாள். கஞ்சிப்பசை பூச்சியை அழைக்கும் என்பதால் கஞ்சி போட்டுப் பெட்டியில் வைக்கமாட்டாள். ஒரே மடிப்பில் நூல் இற்றுப்போகும் என்று மாதந்தோறும் மடிப்பை மாற்றுவாள். கடுகளவு கிழிசல் கண்டாலும், அச்சட்டையின் ஓரமடிப்பிலிருந்தே நூலுருவி, தைத்த தடம் தெரியாமல் இழையோட்டுவாள். கழுத்துப்பட்டை தேய்ந்து நைந்தபோது அதைப் பிரித்தெடுத்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தவளும் அவளே. உனக்கு நூலோடுதான் வாழ்க்கை என்று அவன் நகைப்பான். நகைத்துக்கொண்டே அந்தச் சட்டையைத்தான் மீண்டும் எடுத்து உடுத்துவான்.

சங்கரபாண்டி மூட்டையைத் தோளுக்கு மேலாக வீசினார். உறவினர் யாவரும் ஆற்றுக்கு முதுகு காட்டி மேலேறினர். உலகம்மாள் ஒருத்திதான் திரும்பிப் பார்த்தாள். மூட்டையை ஆறு கொண்டுபோகவில்லை. நாற்படிகளுக்குக் கீழே சங்கிலியில் மாட்டி, அவிழ்ந்து, நீலச் சட்டை ஒரு கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. அவ்வளவுதான், அவள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு நீரில் நின்று, சங்கிலியின் துருவில் சிக்கிய துணியை இழுத்தால் கிழியும் என்று அறிந்தவளாய், நூல் முடியும் விரல்களால் மெல்ல மெல்ல விடுவித்தாள்.

பெண்கள் முணுமுணுத்த ஒலி கேட்டு, திரும்பலாகாது என்று விதித்தவரே திரும்பினார்.

"ஏளா, அதை விட்டுட்டுக் கரையேறு. போனவன் பாவத்தை நீ எதுக்குச் சுமக்க?"

சட்டையை மார்போடு அணைத்தபடி படியேறிய உலகம்மாளின் குரல் உயரவில்லை. "அவுக பாவம் இதுல இருந்துச்சுன்னா, பதினாலு வருசமா நாந்தான் கசக்கிப் பிழிஞ்சிருக்கேன், அத்தான். மிச்சம் ஒண்ணும் இருக்காது."

"அப்பம் என் வீட்டு நடையேறாத."

"ஏறல. போகும்போது பலகை மேல கிடக்க உங்க துண்டை எடுத்துக்கிடுங்க. எழுதியிருக்கது நாலு பேருக்குத் தெரியட்டும்."

எவரும் அவளோடு திரும்பி நடக்கவில்லை. பிறந்த வீடு இல்லாத அவளுக்கு அந்த ஒரு வாயிற்படிதான் உறவென்று இருந்தது. அதுவும் அன்றோடு அடைபட்டது. ஈரப்புடவை காலைத் தடுக்க, அவள் தனியே வீடு வந்து, சட்டையை நன்னீரில் இருமுறை அலசி நிழலில் தொங்கவிட்டாள்.

விடுப்பு முடிந்து ஆலைக்குப் போன நாளில், பஞ்சு ஒட்டாதிருக்கப் புடவைமேல் ஆண்சட்டை அணியும் மற்றப் பெண்களைப்போல அவளும் சட்டை அணிந்துபோனாள். அது எவர் சட்டை என்பதை ஊரே அறிந்திருந்தது. வாயிலில் சிலர் ஒதுங்கி வழிவிட்டனர். அடுத்த பொறியில் வேலைசெய்யும் அலிமா பீவி மட்டும் அருகே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நடுப்பொத்தானை ஆறு வாங்கிட்டோ?"

"அதுக்கும் கூலி வேணும்லா."

அலிமா தன் முக்காட்டிலிருந்த ஊசியைக் கழற்றி, பொத்தான் இல்லாத இடத்தில் குத்திவிட்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

மாண்டவரைக் காத்துவைக்க எந்தக் கைக்கும் வலிமையில்லை, அன்பர்களே. ஆனால் அவர் விட்டுச்சென்றது இற்றுப்போகும் நாளை ஆறும் ஊரும் குறிக்க அவள் விடவில்லை. அன்று மாலை, சங்கரபாண்டியின் வீட்டுத் தெருவழியாகவே, நடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவள் திரும்பினாள். பஞ்சை உதறினாள், பொத்தான் ஒன்றைத் தைத்தாள், உட்புறம் வெளியாக்கி அலசி, வேப்பமர நிழலில் தொங்கவிட்டாள். மறுநாளும் அந்தச் சட்டைக்கு வேலை இருந்தது.