மெழுகுவர்த்தியுடன் ஒரு படம்

மின்சாரம் வந்ததும் முற்றத்தைச் சுற்றியிருந்த குடித்தனங்கள் எல்லாவற்றிலிருந்தும் "சோர்! சோர்!" என்று கூச்சல் எழுந்தது. அணைப்பது தும், ஏற்றுவது சோர். இரண்டையும் ஒட்டித் தும்சோர் என்றொரு சொல்லாக்கிக்கொண்டு, அதனோடுதான் அக்ரா நகரம் காலந்தள்ளி வந்தது. அராபா கூச்சலிடவில்லை, ஆழ்துளைக் கிணற்றடிக்கு ஓடினாள்.

பக்கத்துக் குடித்தனத்து எபோ அண்ணன் முற்றத்திலேயே எஞ்சியிருந்த ஒரே வாளித் தண்ணீரைப் பம்பின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கிழட்டுப் பம்பு, வாயில் நீர் ஊற்றாமல் ஒருநாளும் இழுத்ததில்லை.

"மத்தியானம் மறுபடி புடுங்கிடுவாங்க. அதுக்குள்ள தொட்டி ரொம்பணும், தாயி."

நிரம்பியே ஆகவேண்டும். மறுநாள் விடியலில் அவளுடைய தங்கை எஃபுவாவின் குழந்தைக்குப் பெயர்சூட்டு. கேப் கோஸ்டிலிருந்து உறவினர் அனைவரும் வருகிறார்கள். தெருக்குழாய் வறண்டு வாரம் கடந்திருந்தது. இந்தத் தொட்டியை விட்டால் சமைக்கவும் நீர் இல்லை, பிள்ளைபெற்றவள் குளிக்கவும் நீர் இல்லை.

பம்பு உறுமத் தொடங்கிய நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அவள் பணிபுரியும் காப்பீட்டு நிறுவனத்தின் மேலாளர் ஒஃபோசுஹேனே, கையில் மெழுகுவர்த்தியோடு இறங்கினார். படம் எடுக்கும் ஜோஜோ பின்னால் வந்தான்.

அன்று அவர்கள் நிறுவனத்தில் மின்சாரமில்லா நாள். ஊழியர் ஒவ்வொருவரும் வீட்டில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெழுகுவர்த்தியோடு படமெடுத்து அனுப்பவேண்டும். வடக்கே ஒரு கிராமப் பள்ளிக்கு அதன்பேரில் விளக்குகள் போகும். விளக்குக்காக அராபா தன் பங்கை முன்பே கொடுத்துவிட்டாள். படத்தை மட்டும் அனுப்பவில்லை.

"நம்ம பிரிவுல உன் படம் ஒண்ணுதாம்மா பாக்கி. அதான் நானே வந்துட்டேன்," என்றார் மேலாளர்.

"போன வாரம் பூரா இருட்டுலதான் கெடந்தோம் சார். அதுல ஒரு நாளைச் சேத்துக்கக் கூடாதா?"

ஜோஜோ சிரிப்பை விழுங்கினான்.

"அது தானாப் போனது. இது நாமா மனசார விடுறது. இல்லாதவங்க கஷ்டம் நமக்கும் தெரியணும் இல்லையா?"

சொல்லிக்கொண்டே, வாசல் சுவரிலிருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டார். காவலாளியும் ஜெனரேட்டரும் உள்ள வீட்டில் வளர்ந்தவர். இத்தனை குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

தையல் இயந்திரம் நின்றது. வானொலியில் பந்தாட்ட வர்ணனை பாதியில் அறுந்தது. பம்பு ஒருமுறை விக்கி அடங்கியது.

"தும்!" என்று முற்றமே அலறியது.

"எவன்டா அவன், கை வச்சது?" என்று தையற்காரி கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள்.

அராபா பாய்ந்து சுவிட்சை மேலே தள்ளினாள். பம்பு உறுமியது, ஆனால் நீர் ஏறவில்லை. எபோ அண்ணன் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"காத்துப் புடிச்சிடுச்சு. ஊத்த இனி ஒரு சொட்டு இல்ல."

"ஒரே ஒரு படம்," என்றார் மேலாளர். "இருட்டுன்னா என்னன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு ஒரு வரி சொல்லிடு. போதும்."

தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அராபா மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு விடிஞ்சா எங்க வீட்டுப் புள்ள நாக்குல தண்ணியையும் சாராயத்தையும் தொட்டு வச்சு, தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, சாராயம்னா சாராயம்னு சொல்லு, பொய் பேசாதேன்னு சொல்லணும். உங்க நாக்குலயும் அப்படித்தானே சார் வச்சாங்க? அந்த நாக்கா இப்படிப் பேசுது? அந்தத் தண்ணியத்தான் இப்ப நிறுத்திட்டீங்க!"

"மரியாதையாப் பேசு. திங்கட்கிழமை ஆபீஸ்ல உன்னைக் கவனிச்சுக்கறேன்."

"கவனிங்க."

வண்டியின் பின்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு பெட்டி நிறையக் குடிநீர் பாட்டில்கள். அராபா பெட்டியை அப்படியே தூக்கினாள்.

"ஏய், அது ஊழியர்களுக்கு வாங்கினது!"

"நானும் ஊழியர்தான் சார்."

பாட்டில் பாட்டிலாகத் திறந்து பம்பின் வாயில் கவிழ்த்தாள். தையற்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மூடிகளைத் திருகிக் கொடுத்தாள். ஜோஜோ, எவரும் சொல்லாமலே, படமெடுத்துக்கொண்டிருந்தான். கடைசி பாட்டிலும் காலியாகும் தறுவாயில் பம்பின் உறுமல் கனத்தது. குழாய் அதிர்ந்தது. மேலே, வெறுந்தொட்டியின் அடியில், நீர் சடசடவென்று விழுந்தது.

எல்லோரும் மேலாளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வண்டியை நோக்கித் திரும்பினார்.

"சார்!" என்று அராபா அழைத்தாள். "அந்த மெழுகுவர்த்தியை இங்கயே வச்சிட்டுப் போங்க. ராத்திரிக்கு எங்களுக்கு வேணும்."