மாடி வீட்டுத் தரை

மாடியில் குடியிருக்கும் ஸ்ரீகண்டன் மறுபடியும் ஹாலில் குந்தி உட்கார்ந்து தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கறிவேப்பிலை கொடுக்கப் போன வீட்டுச் சொந்தக்காரி ஜெயலட்சுமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆஸ்டின் டவுனில் அவள் மாமனார் அறுபதுகளில் கட்டிய வீடு. பச்சைக்கல் சில்லுகள் பதித்த மொசைக் தரை, வட்ட வட்டமாக ஓட்டை விட்ட சிமென்ட் ஜன்னல், வளைந்து திரும்பும் பால்கனி. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பழசைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் பளபளக்கும் அபார்ட்மென்டுகளுக்குப் போனார்கள். போகுமுன் இப்படித்தான் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், இங்கே விரிசல், அங்கே கறை என்று. இவன் 'ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி' என்று சொல்லும்போதெல்லாம் மரியாதைக்குச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டாள். பாவம், சோபாவுக்கு வழியில்லாமல் சிவாஜிநகர் பழைய சாமான் கடையிலிருந்து காலை அகட்டி நிற்கும் பழைய தேக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தவன். அவனும் போய்விட்டால் வேறு யார் வருவார்கள்?

கணவர் இறந்தபிறகு மாடி காலியாகக் கிடந்த நாட்களை நினைத்தாலே அவளுக்குப் பயம். மேலே மிக்ஸி ஓடினால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். அவன் மனைவி அனுஷா ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கீழே வந்துவிடும்.

பொங்கலுக்கு வேலூர் கிளம்பியவர்கள் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நீலசந்திராவிலிருந்து கொத்தனார் நாகேஷை வரவழைத்து, வெள்ளை டைல்ஸ் இறக்கிவிட்டாள். டைல்ஸ் பிடிக்க வேண்டுமென்றால் பழைய தரையைக் கொத்திவிட வேண்டும் என்றான் அவன். கொத்து என்றாள். மேலே கேட்ட உளிச்சத்தம் அவளுக்குக் கல்யாண மேளம் மாதிரி இருந்தது.

பாதி ஹால் முடிந்திருந்தபோது, சொன்ன நாளுக்கு முன்பே இருவரும் வந்து நின்றார்கள். ஸ்ரீகண்டன் பையைக்கூட இறக்கவில்லை. உளி பட்டுக் குழிகுழியாகக் கிடந்த மீதித் தரையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஆன்ட்டி, இந்தத் தரைக்காகத்தான் நாங்க இந்த வீட்டுக்கே வந்தோம்."

அவளுக்குப் புரியவில்லை. அனுஷாதான் அவன் எடுத்திருந்த போட்டோவைப் போனில் காட்டினாள். ஜன்னல் ஓட்டைகள் வழியே வெயில் வட்டம் வட்டமாகப் பச்சைச் சில்லுகள் மேல் விழுந்திருந்தது. ஓரத்தில் அந்தத் தேக்கு நாற்காலியின் சாய்ந்த கால். தன் வீடு இவ்வளவு அழகா என்று ஜெயலட்சுமி திகைத்துப்போனாள். மறுகணம் அவள் கண் கொத்திப் போட்ட தரைக்குப் போனது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"தினம் சொன்னேனே ஆன்ட்டி."

கலவை காய்கிறது, என்ன செய்யட்டும் என்று நாகேஷ் கேட்டான். அவள் மூலைக்குப் போய், கனம் தாங்காமல் நகர்த்தாமலே விட்டிருந்த மர பீரோவைப் பிடித்துத் தள்ளினாள். நாகேஷும் ஓடி வந்து கை கொடுத்தான். அடியில் பீரோ அகலத்துக்கு ஒரு துண்டுத் தரை, உளி படாமல், தூசி அப்பிக் கிடந்தது.

முந்தானையால் துடைத்தாள். பச்சை தெரிந்தது. அதன்மேல் கையை வைத்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீகண்டனின் தோளில் பை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.