மூன்றாவதாக வருகிறவன்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்ப் பந்தயத்திலும் வெண்டல் ஹார்ம்ஸ் மூன்றாவதாகத்தான் வந்தான். கம்பி வேலிக்கு அந்தப்புறம் பீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் அவனுக்கென்றே வைத்திருந்த கேலியை எடுத்து விட்டது.

"மூணாம் நம்பர் மாப்பிள வந்துட்டாருடா! வழி விடுங்கடா!"

வெண்டலுக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்ன, எதுவுமே வருவதில்லை. தம்பி ஆர்லோவைப் புதைத்த அன்று, சர்ச்சில் பெண்கள் பரிமாறிய பன்றிக்கறி சாண்ட்விச்சில் இரண்டைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் மாடுகளுக்குத் தீனி வைத்தவன் அவன். "கல்லு, கல்லுப்பா அவன்" என்று ஊர் பேசியது. நரம்பில்லாத நாக்கு, எப்படியும் புரளும். அழுகை வராதவன் கண்ணில் வெங்காயத்தையா பிழிந்துகொள்ள முடியும்?

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் அந்தச் சந்தைத் திடலில் ஒரு சட்டம் இருந்தது. முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வருகிறவனின் எஞ்சினை, அதே பந்தயத்தில் ஓடிய எவனும், திடல் முன்பே குறித்துவைத்த விலையை மேசைமேல் வைத்துக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் திடலுக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. பணக்காரன் காசைக் கொட்டி எஞ்சின் கட்டி ஏழை விவசாயியை அமுக்கிவிடக் கூடாதே என்று வைத்த சட்டம், நல்ல சட்டம்தான். அதனால்தான் வெண்டல் மூன்றாவதாக வந்தான்.

அவன் காரில் இருந்தது ஆர்லோ கட்டிய எஞ்சின். பழைய ஃபோர்டு தட்டைத்தலை. வால்வுகளெல்லாம் கீழே பிளாக்குக்குள், எஞ்சினின் அடிக்கட்டைக்குள் கிடக்கும். மேலே பக்கத்துக்கு ஒன்றாக வெறும் இரும்பு மூடி. வெந்நீர் அண்டா என்று சொன்னாலும் தப்பில்லை, அவ்வளவு சூடு. ஆர்லோ ஒரு குளிர்காலம் முழுக்க ஷெட்டில் குனிந்து உட்கார்ந்து, காற்று உள்ளே போகிற வழிகளையும் புகை வெளியே வருகிற வழிகளையும் அரைத்து அரைத்து அகலமாக்கினான். ஒரு நூல் கூடுதலாக அரைத்தால் தண்ணீர்ப் பாதையில் ஓட்டை விழும், பிளாக்கே பாழ். கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் இரண்டு மூடிகளையும் வைத்து போல்ட்டுகளை முறுக்கி, "முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை கத்தவிட்டுப் பாத்துடலாம்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, சோள லாரியோடு தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வெண்டல் அந்த மூடிகள்மேல் ஸ்பேனரை வைத்ததே இல்லை. எண்ணெய் மாற்றுவான், பிளக் மாற்றுவான், அவ்வளவுதான். அந்த போல்ட்டுகளைக் கடைசியாகத் தொட்டது ஆர்லோவின் கை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தான். தட்டைத்தலையை ஓட்டிச் சூடேற்றினால் போல்ட் நெகிழும், மூடியை மறுபடி முறுக்க வேண்டும், அப்புறமும் ஒரு தடவை முறுக்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்தில் பால் கறக்கிறவனுக்குக்கூடத் தெரியும். வெண்டலுக்குத் தெரியாதா? மெதுவாகத்தானே ஓட்டுகிறோம், தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். எஞ்சினை ஷெட்டிலேயே துணி போட்டு மூடி வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் அதுவும் பிணம்போல ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஜூலைக் கடைசியில் ஆர்லோவின் மனைவி லவோன் முதல்முறையாகத் திடலுக்கு வந்தாள். பந்தயம் தொடங்குமுன் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"நீ வேணும்னே பிரேக்க மிதிக்கிறேன்னு ஊரே சொல்லுது. நிஜமா, வெண்டல்?"

"மூணாவதா வந்தா யாரும் கேக்க முடியாது, லவோன்."

"குளிர்காலம் பூரா சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குள்ள வரல என் புருஷன். இரும்புத்தூளோட வந்து படுக்கையில விழுவான். அத்தன பாடும் மூணாவதா வர்றதுக்கா?"

"எஞ்சின் போயிடும்."

"அவனே போயிட்டான்!" என்று கத்தினாள். பக்கத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "ஒரே ஒரு தடவ அது கத்துறத நான் கேக்கணும். அப்புறம் என்ன எழவோ ஆகட்டும்."

வெண்டலுக்கு நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் கொடி விழுந்ததும் காலை அழுத்தினான். அடேயப்பா, அதுவரை ஒரு கோடைக்காலமே வாயைப் பொத்தி வைத்திருந்த எஞ்சின் அது! இரண்டாவது வளைவிலேயே முன்னால் இருந்தவர்களெல்லாம் பின்னால் போய்விட்டார்கள். கடைசிச் சுற்றில் பாதித் திடல் முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். நிறுத்திவிட்டுப் பார்த்தபோது லவோன் வேலிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். தனக்கும் ஏதாவது வரும் என்று வெண்டல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான். வரவில்லை. அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மேற்பார்வையாளர் கஸ் டீமன் மேசையைத் தட்டி, "யாராவது கேக்கறீங்களா?" என்றார். அவர் கேட்டு முடிக்குமுன் மைலோ குபிசெக் பணத்தோடு நின்றான். அந்தக் கோடை முழுக்க ஜெயித்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"தப்பா நெனைக்காத வெண்டல். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ம்."

"யோவ், திட்டவாவது செய்யேன்யா! ஒரு மாதிரி இருக்கு."

"சங்கிலிய அந்தப் பக்கம் மாட்டு," என்றான் வெண்டல். தானே எஞ்சினைக் கழற்றி, தூக்கி, மைலோவின் லாரியில் இறக்கி வைத்தான். மூடி போல்ட்டுகளில் சங்கிலி உரசாதபடி நடுவில் ஒரு சாக்கை மடித்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தது ஓர் ஓட்டை லாரியின் எஞ்சினோடு. சட்டைப் பையில் மைலோ கொடுத்த அதே நோட்டுகள்.

"திருப்பிக் கேக்கப் போறியா?" என்றாள் லவோன்.

"அதுக்குத்தான் ஓடறேன்."

"மைலோவும் உன்ன மாதிரி மூணாவதா வந்துட்டா?"

"மைலோவா? செத்தாலும் வரமாட்டான்."

சொன்னபடியே ஆயிற்று. ஓட்டை எஞ்சின் ஆஸ்துமாக்காரன் மாடியேறுவதுபோல இழுத்துக்கொண்டு கிடக்க, பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இத்தனை நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தவன், அன்றுதான் வெளியிலிருந்து கேட்டான். மைலோ அவனை ஒரு முழுச் சுற்றுத் தாண்டிக்கொண்டு போனான். இரண்டாம் தடவை தாண்டியபோது புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

வெண்டலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூடி நெகிழ்ந்து சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. இப்படியே இன்னொரு பந்தயம் ஓடினால் பிளாக் வெடிக்கும். ஆர்லோவின் குளிர்காலம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இது மைலோவின் தப்பு இல்லை.

மைலோ முதலாவது. வெண்டல் கடைசி. கஸ் மேசையைத் தட்டியதும் வெண்டல் நேரே நடந்தான். எதற்கு வருகிறான் என்று திடலுக்கே தெரியும். மூணாம் நம்பர் மாப்பிள்ளை என்று கத்த ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. மைலோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எடுத்துக்கோ வெண்டல். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆர்லோ உள்ள என்ன பண்ணிருக்கான்னு பாக்கணும்னு கை அரிச்சுது, நெஜமாத்தான் சொல்றேன். ஆனா மூடியத் தொடல. அவன் முறுக்கினது முறுக்கினபடியே இருக்கு."

வெண்டலின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"என்னப்பா, கேக்கறியா இல்லையா?" என்றார் கஸ்.

வாங்கிக்கொண்டு போனால் மறுபடி ஷெட்டு, மறுபடி மூன்றாவது. போல்ட்டைத் தொடமாட்டான், தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

"இல்ல. மைலோ, ஸ்பேனர எடு. சூடு ஆறுறதுக்குள்ள முறுக்கணும்."

கார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். லவோன் வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். அழுத்தினான். இறுகி நிற்கும், கை வலிக்கத் திருப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தான். அது கால் சுற்று லேசாகத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. ஆர்லோ முறுக்கிய முறுக்கு அதில் இல்லை, எப்போதோ போய்விட்டிருந்தது. இத்தனை நாள் எதைக் காத்துக்கொண்டிருந்தான்?

ஸ்பேனரை அடுத்த போல்ட்டுக்கு மாற்றினான். தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் கிளம்பியது. அது தன் சத்தம்தான் என்று அவனுக்கே உடனே தெரியவில்லை. மைலோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆர்லோ செத்துட்டான், லவோன்."

"ஆமா," என்றாள் அவள். "அடுத்தத முறுக்கு."