பின்னால் நின்ற கட்டடங்கள்

“உது இல்லையப்பா. உது இத்தாலி,” என்றாள் தவமலர்.

மகேஸ்வரன் அந்தத் தடித்த ஓவியப் புத்தகம் மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சரிந்துவிடாமல் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். வெகுநேரமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டியதில் மணிக்கட்டு நொந்தது.

“நீர் சேர்ச் எண்டுதானே சொன்னனீர். இதிலயும் சேர்ச்தானே கிடக்கு.”

“ஒல்லாந்துச் சேர்ச். உள்ளுக்கை நிண்டு கீறினது. வெள்ளைச் சுவர்.” ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் மூச்சை எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. “பச்சை மட்டைப் புத்தகம்.”

“வீட்டில பச்சை மட்டையில ஒண்டுமில்லை. எல்லாத்தையும் கிளறிப் பாத்திட்டன்.”

“அப்ப லைப்ரரியில இருந்துதான் பாத்தனான் போல.”

“இந்த நேரத்தில உமக்கு உதுதான் முக்கியமோ?”

“ஓம்,” என்றாள்.

சன்னலோரம் நின்ற மகள் நிலாணி திரும்பினாள். “Appa, just go. அம்மா கேக்கிறா தானே. நான் இஞ்ச நிக்கிறன்.”

இந்த வாரத்தைத் தாண்டமாட்டாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டவர்கள் பிள்ளையார் படத்தையும் திருநீற்றையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். தவமலர் கேட்டதோ ஒரு தூணை. ஏதோ ஒரு ஒல்லாந்து ஓவியன், முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்தபோது, பார்வையை மறைத்த தூணை வேண்டுமென்றே விட்டுவிட்டானா, இல்லை வேறிடத்துக்கு நகர்த்தி வைத்தானா என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவளுடைய எம்.ஏ. ஆய்வின் கடைசி அத்தியாயம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பித்தவள். கனடா வந்த பிறகு குழந்தைகள் காப்பகத்தில் பகலெல்லாம் மூக்குத் துடைத்துவிட்டு, பின்னேரங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மேற்கத்தைய ஓவியங்களில் கட்டடங்கள் வந்த வரலாறு. அதுதான் அவள் எடுத்த விஷயம். மகேஸ்வரன் அதை ஆருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. “அவ படிக்கிறா” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பல்கலைக்கழக நூலகம் நகரத்தின் நடுவில் இருந்தது. பஸ், சப்வே, பிறகு சறுக்கும் பனியில் நடை. பச்சை மட்டைப் புத்தகத்தைக் கண்டுபிடித்தபோது அவருக்கு ஒரு வெற்றி போலத்தான் இருந்தது. மேசையிலிருந்த பெடியன் அதன் முதுகில் ஒட்டியிருந்த சிவப்புத் துண்டைக் காட்டினான். இது வெளியே போகாத புத்தகம். இங்கேயே இருந்து பார்க்கலாம். மகேஸ்வரன் தவமலரின் அட்டையை நீட்டினார். படத்தில் இருப்பது நீங்கள் இல்லையே என்றான். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்றைக்கே காட்டவேண்டும் என்று தனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னார். அவன் உண்மையிலேயே கவலைப்பட்டான். கவலைப்பட்டுக்கொண்டே மாட்டேன் என்றான். பிறகு போட்டோக் கொப்பி மெசினைக் காட்டினான்.

வெள்ளைச் சுவர், வெள்ளைத் தூண்கள், உயர்ந்த சன்னல்களால் இறங்கும் வெளிச்சம். புத்தகத்தில் அது மெல்லிய பால் நிறத்தில் இருந்தது. மெசினிலிருந்து வந்த தாளில் நாலைந்து கோடுகளைத் தவிர ஒன்றுமில்லை. பொத்தானை மாற்றி அழுத்தினார். இம்முறை எல்லாம் கறுப்பாக வந்தது. பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டு தாள்களையும் மடிக்காமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“இதென்ன, அடுப்புக்கரியோ?” என்றாள் தவமலர் கறுத்த தாளைப் பார்த்து. மற்றதை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னாள். விரலால் எதையோ தேடினாள். “இதில தூண் எங்கை?”

அவருக்கு வந்த கோபம் நூலகத்துப் பெடியனோடு காட்டியிருக்கவேண்டியது.

“தூண் எங்கை நிண்டா என்ன மலர்? கீறினவன் செத்து முந்நூறு வருசம்!”

நிலாணி அவரை முறைத்தாள். தவமலருக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் படிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அவன் கண்டதைக் கீறினவனோ, விரும்பினதைக் கீறினவனோ எண்டு பாக்கவேணும்,” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாளைக்குத் திரும்பப் போறன்,” என்றார் மகேஸ்வரன். “கலர் கொப்பி எடுக்கலாமாம்.”

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. விடிந்து, காலைச் சாப்பாட்டுத் தட்டு வந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். தாதிமார் வந்து, திரையை இழுத்து, அவரை வெளியே நிற்கச் சொல்லி, மறுபடி உள்ளே விட்டபோது கட்டிலருகே மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. தட்டோடு சேர்த்து அந்த இரண்டு தாள்களையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் குப்பை வண்டிலைத் தேடி நடைபாதையின் முடிவுவரை போனார். வண்டில் வேறு மாடிக்குப் போய்விட்டது என்றார்கள்.

அன்று மத்தியானம் தமிழ் வானொலி மரண அறிவித்தலில் அவளைக் “கட்டடக் கலைஞர்” என்று அறிவித்தது. மகேஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, அவ கட்டடக் கலைஞர் இல்லை. ஓவியங்களில வாற கட்டடங்களைப் பற்றி ஆய்வு செய்தவ.”

“ஓ, ஓவியரோ? மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள், மாத்திவிடுறன்.”

பின்னேரச் செய்தியில் தவமலர் ஓவியர் ஆனாள். அவர் வானொலியை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறையச் சனம். பெட்டிக்குள் தவமலர் மயில்நீலச் சேலையில் கிடந்தாள். ஆரோ அவளுக்குப் பூசிவிட்டிருந்த முகப்பவுடர் அவளுடைய நிறமில்லை. ஐயர் கிரியைகளை முடித்ததும் விநாயகமூர்த்தி அண்ணை ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். ஊர்ச்சங்கத் தலைவர், எந்தச் செத்தவீட்டிலும் அவர்தான் இரங்கலுரை.

“ஒரு கட்டடக் கலைஞரை நாங்கள் இழந்து நிற்கிறோம்,” என்று தொடங்கினார். “இந்தக் குளிர் தேசத்திலே எத்தனை மாடமாளிகைகளை அந்தக் கைகள் எழுப்பியிருக்கும்! எங்கள் இனத்துக்கு எத்தனை கோபுரங்களை...”

மகேஸ்வரன் முன்வரிசையில் இருந்து கையைக் காட்டினார். அண்ணை அதை அழுகை என்று நினைத்து, குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

“அண்ணை.” மகேஸ்வரன் எழுந்தார். “அண்ணை, அவ ஒண்டும் கட்டேல்லை.”

நிலாணி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். “Appa, please. இருங்கோ.”

“அப்ப என்ன செய்தவ?” ஒலிவாங்கியை மறந்து அண்ணை சாதாரணக் குரலில் கேட்டார். அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மகேஸ்வரன் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

“வெள்ளைக்காரர் கீறின படங்கள் இருக்குத்தானே,” என்றார். “ஆதியில கீறின படங்களில வீடுகள் பெட்டி மாதிரி. ஆள் வாசலைவிடப் பெரிசு. பெரிய சாமியார் நிப்பார், பின்னால வீடு சும்மா ஒரு அடையாளத்துக்கு நிக்கும். பிறகு இத்தாலிக்காரர் தூரம் காட்டப் பழகினவை. கிட்ட இருக்கிறது பெரிசு, எட்ட இருக்கிறது சின்னன். அப்ப வீட்டுக்குள்ள ஆக்கள் போய் வரக்கூடிய மாதிரி வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒல்லாந்தர்...”

“ஒல்லாந்தர் எண்டா எங்கட கோட்டையைக் கட்டினவங்களே?” என்று ஒரு கிழவர் பின்னாலிருந்து கேட்டார்.

“ஓம், அவைதான். அவை சாமியாரை எடுத்துப்போட்டு, சேர்ச்சை மட்டும் கீறினவை. கதையில்லை. வெறும் சுவரும் தூணும் வெளிச்சமும். இவ்வளவு காலமும் பின்னால நிண்ட கட்டடம் என்னண்டு முன்னால வந்தது எண்டுதான் அவ...”

அவருடைய கைகள் ஒரு தூணைப் பிடித்திருப்பதுபோல் காற்றில் நின்றன.

கடைசி வரிசையில் சாம்பல் கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பதை அப்போதுதான் கண்டார். தவமலரின் புரொபெசர். அவருக்கு மிச்சம் தெரியும். இந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் என்ன பேசப்படுகிறதென்று விளங்காமல், மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவரைக் கேட்பதற்கான இங்கிலீஷ் மகேஸ்வரனிடம் இல்லை.

“பிறகு?” என்றார் விநாயகமூர்த்தி அண்ணை.

“பிறகு எனக்குத் தெரியாது,” என்றார் மகேஸ்வரன். “அவ பிறகைப் பற்றிச் சொல்லேக்கை நான் ஒஷாவாவுக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிப்பன். ஒவ்வொருநாளும் கதை இந்த இடத்துக்கு வரேக்கைதான் பஸ் வந்திடும்.”

ஆரும் சிரிக்கவில்லை. அண்ணை மேடையிலிருந்து இறங்கிவந்து அவருடைய தோளைத் தட்டினார். “விளங்குது, விளங்குது,” என்றார். திரும்பிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்து, “அப்பேர்ப்பட்ட கலைஞர்” என்று முடித்துவைத்தார்.

தகனசாலை நகரத்துக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம். அங்கே எல்லாம் விரைவாக நடந்தது. பெட்டி ஒரு கதவுக்குள் போனது. கதவு மூடியது. வெளியே சனம் தத்தம் கார்களைத் தேடிக்கொண்டு போனார்கள். நிலாணி காரை எடுத்துச் சூடேற்றினாள்.

ரோட்டுக்கு அப்பால் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஞாயிறாதலால் வேலையாட்கள் இல்லை. சுவர்களில்லை, ஓடுகளில்லை, பலகைச் சட்டங்கள் மட்டும் பனிக்குள் நட்டபடி நின்றன. முன்வாசலுக்குள்ளால் பின்வாசல் தெரிந்தது, அதற்குள்ளால் அடுத்த வீடு, அதற்குள்ளால் வானம். சரிந்த வெயில் அவ்வளவுக்குள்ளாலும் ஊடுருவி வந்து, நிலத்தில் நீளநீளமாகக் கோடு கிழித்திருந்தது.

நிலாணி கண்ணாடியை இறக்கினாள். “அப்பா, குளிருது. ஏறுங்கோ.”

மகேஸ்வரன் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தார். முன்னால் நின்ற ஒரு சட்டம் விலகி, பின்னாலிருந்த படிக்கட்டு ஒன்று தெரிந்தது. மறுபடி பழைய இடத்துக்கு வந்தார். படிக்கட்டு மறைந்தது.

“கொஞ்சம் பொறு, பிள்ளை,” என்றார்.